முதல் காரணம்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கண் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவளுக்குக் கோபம் வராமல் பாட்டா வரும்? ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலிலும் ட்யூப்லைட் எரிய வேண்டும். சுவரை ஒட்டி இரும்பு அலமாரிகள், அவற்றில் துணி அட்டை போட்ட பதிவேடுகள். ஒன்றை எடுத்துத் தூசி தட்டினால் மூன்று நாள் தும்மல் நிற்காது. இருந்தாலும் அந்த அறையில் எனக்குப் பயம் என்று ஒன்று வந்ததே இல்லை, இந்த வருஷம் வரைக்கும்.

வேலையை ஆரம்பித்து வைத்தது சின்ன டாக்டர். கருவிழி மாற்றுகிற டாக்டர் அவர். முப்பத்தைந்து வயசுப் பெண், நடந்தாலே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கும். ஐம்பது வருஷத்தில் இந்த ஆஸ்பத்திரியில் என்னென்ன காரணத்துக்காகக் கருவிழி மாற்றினார்கள், அந்தக் காரணங்கள் காலப்போக்கில் எப்படி மாறின என்று ஓர் ஆய்வு. பழைய பதிவேடுகளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை வரி வரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. பெயர்க் கட்டத்தின் மேல் ஓர் அட்டைத் துண்டை வைத்து மறைத்துவிட வேண்டும், நம்பர் மட்டும்தான் வெளியே தெரியும். சாயங்காலம் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வரிகளை அச்சடித்துத் தரும். சின்ன டாக்டர் காகிதத்தைப் பார்த்து யார் சரி என்று சொல்வார். தப்புப் பண்ணினவர் அசடு வழிவார்.

ஓர் ஆள் நான். இன்னோர் ஆள் புயல். அது பட்டப்பெயர். ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பாள், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதனால் புயல். ஆனால் தப்பு மட்டும் பண்ண மாட்டாள். முதல் இரண்டு வாரத்தில் அசடு வழிந்ததெல்லாம் நான்தான்.

ஏற்ற ஏற்ற எனக்கே சுவாரசியம் தட்டியது. முதல் பதிவேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் அம்மைத் தழும்பு, சத்துக் குறைவில் கரைந்துபோன குழந்தைக் கண், கண்வலிக்கு யாரோ பிழிந்த பச்சிலைச் சாறு. ஏழெட்டுப் பதிவேடு தாண்டியதும் அம்மை அடியோடு காணாமல் போனது. புரை அறுவைக்குப் பிறகு வீங்கிய கண்கள் வரிசையாக வந்தன. அப்புறம் இளைஞர்களின், கூம்பு மாதிரி முன்னால் தள்ளிய கண்கள். கடைசிப் பதிவேடுகளில் பாதிக்குப் பாதி ஒரே வாசகம்: 'முன்பு வைத்த கருவிழி கெட்டது.'

"இது காரணமே இல்ல," என்றார் சின்ன டாக்டர். எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். "போன தடவை வச்சது கெட்டுப்போச்சு, சரி. ஏன் கெட்டுச்சு? முதன்முதல்ல அந்தக் கண்ணுக்கு என்ன ஆச்சு? இப்படி எழுதியிருந்தா பழைய பதிவேட்டுக்குப் போயி, அதே ஆளோட முதல் காரணத்தைத் தேடி ஏத்துங்க."

"அது அவ்வளவு முக்கியமா டாக்டர்?" என்று கேட்டது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"முக்கியமாவா? இப்ப கிருமியால வந்த தழும்புன்னு வைங்க, புதுக் கருவிழி வச்சா நிக்கும். ஆசிட்டோ சுண்ணாம்போ பட்ட கண்ணுன்னா எத்தனை தடவை வச்சாலும் நிக்காது. கருவிழியோட ஓரத்துல விதை மாதிரி செல் இருக்கு. அது வெந்து போயிருக்கும். முதல்ல நல்ல கண்ணுலேருந்து கொஞ்சம் விதையை எடுத்து நடணும், அது பிடிச்சப்புறம்தான் கருவிழி."

"ரெண்டு கண்ணுமே போயிருந்தா?" என்று புயல் கேட்டாள்.

"கூடப்பிறந்தவங்க கண்ணுலேருந்து எடுக்கலாம். நகக்கண் அளவுதான். குடுக்கறவங்க பார்வைக்கு ஒண்ணும் ஆகாது."

நான் கையிலிருந்த பதிவேட்டைச் சட்டென்று மூடினேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மூடி மறைத்த வரைக்கும் போதும்.

எனக்கு ஒரு தம்பி. என்னைவிட நாலு வயசு இளையவன். பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு ஐந்து வயசில் இரண்டு கண்ணும் கெட்டன. வலது கண் சுருங்கியே போய்விட்டது. இடது கண்ணில் பன்னிரண்டு வயசில் ஒரு தடவை, முப்பத்தொன்றில் ஒரு தடவை கருவிழி மாற்றினார்கள். இரண்டும் கொஞ்ச நாள் தெளிவாக இருந்து, அப்புறம் ஓரத்திலிருந்து ரத்தக் குழாய் ஏறி, பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டன. இப்போது மூன்றாவது தடவைக்கு இதே சின்ன டாக்டரிடம் காத்திருந்தான். இது நிற்காவிட்டால் இனிமேல் தொடுவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் காரணம் என்று அவன் கேஸ் ஷீட்டில் 'கண் நோய்த் தழும்பு' என்று இருந்தது. அம்மா அப்படித்தான் சொன்னாள். அம்மாவுக்கு அதுதான் தெரியும். அது பொய் என்று தெரிந்த ஒரே ஜீவன் நான்.

பைண்டிங்குக்குப் போயிருந்த ஏழாம் பதிவேடு கடைசியாகத்தான் எங்கள் கைக்கு வந்தது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் அவன்தான். பெயரை அட்டையால் மறைத்தால் என்ன, அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். பழைய பெரிய டாக்டரின் சாய்ந்த கையெழுத்தில் 'கண் நோய்த் தழும்பு' என்று இருந்தது. அவர் இறந்து இருபது வருஷம் ஆகிறது. இருந்ததை இருந்தபடி அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

சாயங்காலம் ஒத்துப்போகாத வரிகளின் தாள் வந்தது. ஒரே ஒரு வரி. இருநூற்றுப் பன்னிரண்டு. என் பக்கம்: கண் நோய்த் தழும்பு. புயல் பக்கம்: சுண்ணாம்பு.

சின்ன டாக்டர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். "கண் நோய்த் தழும்புன்னு தெளிவா இருக்கே. புயல், நீங்களுமா?"

"நான் இருந்ததைத்தான் அடிச்சேன் டாக்டர்," என்று சொல்லிக்கொண்டே புயல் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. பிறகு மெதுவாக, "சாரி, வரி மாறிடுச்சு போல," என்றாள்.

மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, அந்தப் பக்கம் முழுக்கத் தேடினேன். சுண்ணாம்பு என்ற வார்த்தையே எங்கும் இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். யார் சொல்வது? அம்மா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது, அவளுக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்துத் தம்பியைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தேன். சின்ன டாக்டர் அவன் கண்ணில் விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு தடவை கத்தி பட்ட கண்ணு, பார்த்து மட்டும் சொல்ல முடியல. சின்ன வயசுல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு ஞாபகம் இல்ல டாக்டர். அம்மா சொன்னதுதான். மண்ணுல விளையாடிட்டு அழுக்குக் கையால கண்ணைக் கசக்கிட்டேனாம், கிருமி ஏறிடுச்சு." கையை நீட்டிக் காட்டினான். "அன்னைலேருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவறேன். பசங்களையும் விடறதில்ல. கைகழுவின்னு பேரே வச்சிருக்காங்க எனக்கு!"

சிரித்தான். அவன் விரல்கள் கழுவிக் கழுவி வெளிறிப்போய், நகத்தைச் சுற்றி வெடித்திருந்தன. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமாக்கா? நீங்க பெரியவங்களாச்சே."

தெரியும் என்று சொல்ல ஒரு நொடி போதும். "அம்மா சொன்னதுதான் டாக்டர்," என்றேன். ச்சீ, நானெல்லாம் ஒரு அக்கா.

"அப்ப வியாழக்கிழமை வச்சுடலாம்," என்று எழுதினார்.

அடுத்த நாள் மதியமே மறுபடி அந்தத் தாள் வந்தது. திருத்தியதைச் சரிபார்க்க ஏழாம் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு. புயல் பக்கத்தில் இந்தத் தடவை இரண்டு வார்த்தை: 'சுண்ணாம்பு. எறிந்தது.'

சின்ன டாக்டருக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன். "விளையாடறீங்களா? இல்லாத வார்த்தையை எங்கேருந்து கொண்டு வர்றீங்க? இப்படி ஒரு வரி தப்பா இருந்தா மொத்த ஆய்வும் குப்பை. இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற ஆளைப் போட்டுடுவேன்."

டாக்டர் போன பிறகு புயல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு கதியில்லை என்று எனக்குத் தெரியும். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, அவள் மேல் எரிச்சலாகவும் இருந்தது.

"அக்கா," என்றாள். "எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?"

"உளறாத."

"நான் அடிக்கும்போது அதுதான் இருக்கு. நீங்க எல்லாம் வந்து பார்த்தா வேற இருக்கு. அந்த வரிக்கு வந்தாலே மை ஈரமா இருக்கற மாதிரி இருக்கு. விரல்ல ஒட்டுது. இங்க பாருங்க."

வலது ஆள்காட்டி விரலைக் காட்டினாள். வரியைத் தொடர்ந்து ஓட்டுகிற விரல் அது. நுனியில் தோல் வெந்து, வெளுத்து, உரிந்திருந்தது. கண் ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது என்னவென்று தோன்றியிருக்காது, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் விரல் எப்படி இருக்கும் என்று பார்த்தவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். எழுந்து போய் ஏழாம் பதிவேட்டை எடுத்து வந்து அவள் முன்னால் தொப்பென்று போட்டேன்.

"வா. என் முன்னாடியே படி. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

"பேசக் கூடாதுன்னு டாக்டர்..."

"டாக்டரைத் தூக்கிக் குப்பையில போடு. படி!"

மதியம் இரண்டு மணி இருக்கும். வராந்தாவில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ட்யூப்லைட் முனகியது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். அட்டைத் துண்டைப் பெயர்க் கட்டத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். புயல் அவளுடைய வழக்கப்படி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"இருநூத்திப் பத்து. அம்மைத் தழும்பு."

அப்படித்தான் இருந்தது.

"இருநூத்திப் பதினொண்ணு. மரத்துண்டு குத்தியது."

அதுவும் சரி.

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. என் கண்ணுக்கு நேரே, அவள் விரலுக்கு மேலே, 'கண் நோய்த் தழும்பு' என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இமைக்கவில்லை. அவள் விரல் 'கண்' என்ற வார்த்தையின் கீழே நகர்ந்தது, அவள் வாய் வேறொன்றைச் சொன்னது.

"இருநூத்திப் பன்னெண்டு. சுண்ணாம்பு." விரல் 'நோய்' என்ற வார்த்தைக்கு வந்தது. "எறிந்தது." கொஞ்சம் நிறுத்தினாள். "அக்கா, இன்னைக்கு இன்னும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"குறி பார்த்து."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்பு என்பதை யாராவது ஊகித்திருக்கலாம். எறிந்தது என்பதைக்கூட எவராவது மாடியிலிருந்து பார்த்திருக்கலாம். குறி பார்த்தது எனக்குள் நடந்த விஷயம். அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. கை தவறிவிட்டது, கை தவறிவிட்டது என்றுதான் ஐம்பது வருஷமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"ஸ்ஸ்!" என்று புயல் விரலை இழுத்துக்கொண்டாள். நுனி சிவந்து கொப்புளம் எழும்பியிருந்தது. அவளைத் தள்ளிவிட்டு அந்த வரியில் என் விரலை வைத்துத் தேய்த்தேன். காகிதம் காய்ந்துதான் இருந்தது. எனக்குச் சுடவில்லை, ஒட்டவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"யாருக்கா இது? இந்த நம்பர் யாரு?" என்று புயல் அழுதுகொண்டே கேட்டாள்.

"என் தம்பி," என்றேன். "நீ தப்பா எதுவும் அடிக்கல. போய் விரலைத் தண்ணியில காட்டு."

நேராக அறுவைப் பிரிவுக்கு ஏறினேன். சின்ன டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார். "அது சுண்ணாம்பு டாக்டர், எனக்குத் தெரியும், நான்தான் போட்டேன்," என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகமூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு கருவிழி வீணாப் போச்சுக்கா," என்றார். "ரெண்டு பேரு செத்து, அவங்க வீட்டுல மனசு வந்து குடுத்தது." பிறகு பட்டியலில் வியாழக்கிழமையைக் கோடு போட்டு அடித்தார். "விதையை நடணும். உங்களோடது பொருந்துமான்னு ரத்தம் எடுத்துப் பார்க்கணும். அதுக்கு அவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். எதுக்குன்னு தெரிஞ்சு போடணும். நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

தம்பியின் கடை ஓர் ஆள் உட்காருகிற அளவுதான். சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கும். அவன் ஒரு சாவியை இடுக்கியில் பிடித்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். கண்ணால் பார்ப்பதில்லை, இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் கட்டைவிரலால் பல்லைத் தடவிப் பார்ப்பான். என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"என்னக்கா, வேலை நேரத்துல? மாமா விரட்டி விட்டுட்டாரா?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. நடுவுல பேசாத. பேசினா சொல்ல மாட்டேன்."

சொன்னேன். பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கத் தொட்டியில் சுண்ணாம்பு ஊற வைத்திருந்ததைச் சொன்னேன். தினமும் சாயங்காலம் உன்னை என் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள், எனக்கு ஆத்திரமாக வரும் என்று சொன்னேன். அன்று ஒரு விளையாட்டு, கண்ணைச் சிமிட்டாமல் நிற்க வேண்டும், சிமிட்டினால் தோற்றாய் என்று உன்னைச் சுவரோரம் நிறுத்தினேன். நீ கண்ணை அகல விரித்துக்கொண்டு சிரித்தாய். நான் ஒரு கை சுண்ணாம்பை அள்ளினேன்.

"கை தவறல," என்றேன். "குறி பார்த்துத்தான் எறிஞ்சேன். நீ கத்தினப்ப என் பாவாடையால துடைச்சேன். வெள்ளை தெரியாம கழுவிட்டு, மண்ணைக் கொஞ்சம் உன் கையில தேய்ச்சேன். அம்மா கேட்டா காட்டறதுக்கு."

அரம் நின்றிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பார்க்க முடிகிற மாதிரி. நான் அழுதேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன். என் கண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்து அவன் கண்ணில் நட வேண்டும், பொருந்தினால் இந்தத் தடவை நிற்கலாம், அதற்கு அவன் கையெழுத்து வேண்டும் என்று படிவத்தை மேஜை மேல் வைத்தேன்.

அவன் இடுக்கியைத் தளர்த்திச் சாவியை எடுத்துத் தட்டில் போட்டான். எழுந்து என் முகத்துக்கு அருகே, மூச்சு படுகிற தூரத்தில் வந்து, அந்த வெளுத்த ஒற்றைக் கண்ணை என் கண்களுக்கு நேராக வைத்துப் பார்த்தான். முதலில் ஒரு கண்ணை, பிறகு மற்றதை.

"குறி பார்க்கறப்ப ஒத்தக் கண்ணை மூடுவோமே," என்றான். "அன்னைக்கு நீ எதை மூடின?"

எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

"இடது."

அவன் பேனாவுக்காகக் கையை நீட்டினான்.

"அப்ப வலதுலேருந்து எடுக்கச் சொல்லு."